ஐந்து மணிக்குள் நேரில் வரவும்

அத்தியாயம் 14

சாப்பாட்டு மேஜையில் காபி கவிழ்ந்து ஆறு நாள் ஆகிவிட்டது. துடைத்ததும் மேஜை பிழைத்துக்கொண்டது. அதன்மேல் இருந்த சின்னவளின் மடிக்கணினிதான் பிழைக்கவில்லை.

கவிழ்த்தது அண்ணி. அவளை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டியது அம்மா. அழுதது சின்னவள். "ஏன் இப்படிக் கத்தறீங்க? வெயில்ல காய வச்சா சரியாயிடும்" என்று சொல்லி மூன்று பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டது அண்ணன். கப்பலில் வேலை பார்க்கும் அப்பா, ஊரில் இல்லாத ஒரே காரணத்தால் தப்பித்தார்.

அன்றிலிருந்து அண்ணி வாயைத் திறப்பதில்லை. அண்ணி யார்? சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாதவர் கையில் பால் பாக்கெட்டைக் கொடுப்பதற்குள் அவர் வீட்டு நிலவரத்தையே விசாரித்து முடித்துவிடுகிறவள். அவள் ஆறு நாளாக 'ம்', 'ம்ஹூம்' என்று இரண்டே வார்த்தையில் குடித்தனம் நடத்துகிறாள் என்றால் கோபம் எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நாமும் இன்று வரை அப்படித்தான் நினைத்தோம்.

மாமியார் மருமகள் விவகாரத்தில் தலையைக் கொடுக்கச் சின்னவளுக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் கம்பெனியில் அவள் சேர்ந்து ஐந்து மாதம் மூன்று வாரம் ஆகிறது. ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் வேலை நிரந்தரம். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள். இன்று செவ்வாய்.

தாண்டுவாளா என்பதுதான் கேள்வி. முதல் மாதம் அவள் கை பட்டதில் ஆபீஸில் இருநூறு பேருடைய பிறந்தநாளும் ஒரே தேதிக்குப் போய் உட்கார்ந்தது. மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரி வரவேற்பறைத் திரையில் டோக்கன் எண்கள் பின்னோக்கி ஓடின. ஒவ்வொரு தடவையும் அவளே கண்டுபிடித்தாள், அவளே போய்ச் சொன்னாள், அவளே சரிசெய்தாள். அந்த ஒரு குணத்துக்காகத்தான் அவளுடைய குழுத் தலைவர் இன்னும் அவளை விட்டு வைத்திருக்கிறார். அந்தத் தலைவருக்கு ஆபீஸில் 'கடிகாரம்' என்று பெயர். எதைச் சொன்னாலும் "எத்தனை நிமிஷம் ஆகும்?" என்பதுதான் அவருடைய பதில்.

கடிகாரம் ஒரு இரவல் மடிக்கணினியை அனுப்பி வைத்திருந்தார். யாரோ வைத்திருந்து, வேலையை விட்டுப் போகும்போது திருப்பிக் கொடுத்தது. மூடியில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். விசைப்பலகையில் ஒரு பித்தான் இருந்த இடத்தில் பள்ளம். கழிக்க முடியாத பழைய துணியைக் கொடுக்கிற மாதிரி அதை அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. காலை எட்டு முப்பத்தைந்துக்கு மடிக்கணினியைத் திறந்தாள். நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி அவளுடைய பொறுப்பு. தினமும் வேலையைத் தொடங்குமுன் அது ஓடுகிறதா என்று ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். செய்தி எங்கும் போகாது. போன மாதிரி திரையில் காட்டும், அவ்வளவுதான்.

அப்படி ஓட்டிப் பார்க்கப் பொய் நோயாளிகள் வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில், மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்கள் இவைதானே என்று வீட்டிலுள்ள நாலு பேரையே நோயாளிகளாக எழுதி வைத்திருந்தாள். எழுதிய அன்று யார்மேல் எவ்வளவு கடுப்போ அந்த அளவுக்கு வியாதி. குளியலறையில் ஒரு மணி நேரம் குடியிருக்கும் அண்ணனுக்குக் கர்ப்பகால ஸ்கேன். ஓயாமல் பேசும் அண்ணிக்குத் தொண்டைப் பரிசோதனை. தனக்குத் தானே மூளை ஸ்கேன். அம்மாமேல் அன்றைக்குக் கோபம் எதுவும் இல்லை. அதனால் அம்மாவுக்குப் பல் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொண்டாள்.

பித்தானைத் தட்டினாள்.

"டேய் வாலு!" என்று உள்ளேயிருந்து அண்ணன் அலறினான். லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கும்போதுகூட அலறாதவன். முகத்தில் பாதி நுரையோடு ஓடி வந்தான்.

"என்ன இது? 'உங்கள் கர்ப்பகால ஸ்கேன் நாளை காலை பத்து மணிக்கு. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரவும்.' யாரு விளையாடறது?"

சின்னவள் தன் போனைப் பார்த்தாள். அதிலும் ஒரு செய்தி. மூளை ஸ்கேன்.

இரவல் மடிக்கணினியில் பழைய ஆள் விட்டுப்போன அமைப்பு அப்படியே இருந்திருக்கிறது. அவர் நிஜ ஆஸ்பத்திரிக்கு நிஜமாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர். அதைச் சரிபார்க்காமல் தட்டிவிட்டாள்.

அண்ணி தன் போனை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். தொண்டைப் பரிசோதனை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் கண் அந்தச் செய்தியில் இல்லை. அம்மாவின் அறைக்கதவிலேயே இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். கையில் போன். முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, உனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதே ஆஸ்பத்திரியிலருந்துதானே?"

"ஆமா."

"அழிச்சிடும்மா. எல்லாம் நான் அனுப்பினது. சும்மா ஓட்டிப் பார்க்க வச்சிருந்தது, தப்பா வெளியில போயிடுச்சு. ஒண்ணுமே இல்ல."

அம்மா அங்கேயே நின்றாள். "எனக்கு வந்ததும் நீ அனுப்பினதா?"

"நான்தான்."

"நிஜமாவா?"

"எத்தனை தடவ கேப்ப? நான்தான்மா. நம்ம நாலு பேருக்கும் நான்தான் அனுப்பினேன்."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணனின் செய்தியை வாங்கிப் படித்துவிட்டு இன்னும் சிரித்தாள். "எத்தனையாவது மாசம்டா?" என்று கேட்டுக் கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். அம்மா இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சின்னவளுக்கே ஆச்சரியம். அண்ணிகூடச் சுவரில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டாள்.

"உன் விளையாட்டுல என் உயிரே போயிடுச்சுடி" என்றாள் அம்மா. மகளின் தலையை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். போனில் செய்தியை அழித்தாள். இரண்டு ரொட்டித் துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

இனி அடி வாங்க வேண்டியது ஆபீஸில். சின்னவள் கடிகாரத்தைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எத்தனை பேருக்குப் போச்சு?"

"நாலு பேருக்கு சார். எல்லாரும் எங்க வீட்டு ஆளுங்கதான்."

"வெளி ஆள் ஒருத்தருக்கும் போகலையே?"

"போகல சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி. ஆஸ்பத்திரிக்காரங்க சும்மா விடமாட்டாங்க. நாலு மணிக்கு அவங்களோட மீட்டிங். நீயே பேசு. செய்தி அனுப்பற கம்பெனிகிட்டருந்து காலைல போன அத்தனைக்கும் பட்டியல் வாங்கித் தரேன். அதுல உன்னோடது எது எதுன்னு குறிச்சு வை. எத்தனை நிமிஷம் ஆகும்?"

"பத்து நிமிஷம் சார்."

அந்தப் பட்டியல் வரும்போது மணி இரண்டு ஐம்பது. அதுவரை அவள் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. நகத்தைக் கடித்தாள். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

பட்டியலில் நாற்பத்தாறு வரி. நம்பரின் கடைசி நாலு இலக்கம், எந்தச் செய்தி என்பதன் எண், நேரம், போய்ச் சேர்ந்ததா இல்லையா. யாருடைய பெயரும் இருக்காது. நோயாளியின் அந்தரங்கம் வெளியே தெரியக் கூடாது என்று அப்படி ஏற்பாடு.

அண்ணன், குறித்தாள். அண்ணி, குறித்தாள். தன்னுடையது. நாலாவது அம்மா. பல் சுத்தம். அதற்கு நேரே 'போய்ச் சேரவில்லை' என்றிருந்தது.

போய்ச் சேரவில்லையா? அம்மாதான் வந்ததென்று சொன்னாளே?

நம்பரைப் பார்த்தாள். அம்மாவின் பழைய நம்பர். இரண்டு மாதம் முன்பு அம்மாவின் போன் துணியோடு துணியாக வாஷிங் மெஷினில் சுழன்று உயிரை விட்டது. கடையில் புது நம்பர் வாங்கிக் கொடுத்ததே சின்னவள்தான். பொய் நோயாளிகள் பட்டியலில் அதை மாற்ற அவளுக்குத் தோன்றவே இல்லை.

அப்படியென்றால் காலையில் அம்மாவுக்கு வந்தது எது?

பட்டியலை மேலிருந்து மறுபடி படித்தாள். பதினேழாவது வரி. 1968 என்று முடியும் நம்பர். அம்மா பிறந்த வருடம். மறக்காமல் இருக்கட்டும் என்று கடையில் தேடி எடுத்த நம்பர். எட்டு நாற்பதுக்குப் போயிருக்கிறது, போய்ச் சேர்ந்தும் இருக்கிறது. செய்தி எண் ஏழு.

செய்தி எண் ஏழு என்ன என்று அவள் எங்கும் தேட வேண்டியதில்லை. அதன் வாசகத்தை எழுதியவளே அவள்தான். 'உங்கள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் மருத்துவரை நேரில் வந்து பார்க்கவும். துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்.' கடைசி வரி ஆஸ்பத்திரி கேட்டதில்கூட இல்லை. படிக்கிறவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்று அவளே சேர்த்தாள். நல்லா இருக்கு என்று கடிகாரம் பாராட்டினார்.

முடிவு நன்றாக இருந்தால் போகிற செய்தி எண் நாலு. 'எல்லாம் இயல்பாக உள்ளது, வர வேண்டியதில்லை.' டாக்டரே பட்டியலைப் பார்த்து, இவரை இன்றே வரச் சொல் என்று குறித்தால்தான் ஏழு போகும்.

அதை அழிக்கச் சொன்னவள் இவள். நிஜமாவா என்று திரும்பக் கேட்ட அம்மாவிடம் எரிந்து விழுந்து, நான்தான் என்று சொன்னவள் இவள்.

எதிரே இருப்பதோ நிஜ ஆஸ்பத்திரிக்குள் வாசல் திறந்து வைத்திருக்கும் இரவல் மடிக்கணினி. தேடும் கட்டத்தில் அம்மாவின் நம்பரை அடித்தால் போதும். என்ன பரிசோதனை, என்ன முடிவு, எல்லாம் ஒரு நொடியில் திரைக்கு வந்துவிடும். நோயாளி விவரத்தைத் தொட்டால் அந்த நிமிடமே வேலை போகும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். போகட்டுமே, வேலைதானே.

மூன்று இலக்கம் அடித்தாள். நிறுத்தினாள்.

வேலையை நினைத்து நிறுத்தவில்லை. அம்மாவின் உடம்பைப் பற்றி அம்மாவுக்கு முன்னால் தான் தெரிந்துகொள்வது அவளுக்கு அசிங்கமாக இருந்தது. அம்மா குளிக்கும்போது கதவைத் திறக்கிற மாதிரி. அடித்த மூன்றையும் அழித்தாள்.

அம்மாவைக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவள். வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். பட்டறை நம்பருக்கு அடித்தாள். தையல் இயந்திரங்களின் இரைச்சலில் யார் எடுப்பார்கள்?

"அண்ணி!" என்று கத்தினாள்.

மாலை ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணி சீப்பும் கையுமாக ஓடி வந்தாள்.

"அண்ணி, காலைல அம்மாவுக்கு வந்தது நான் அனுப்பினது இல்ல. ஆஸ்பத்திரியே அனுப்பினது. அம்மா ஏதோ டெஸ்ட் எடுத்திருக்காங்க. யாருக்கும் தெரியாம."

அண்ணியின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. "ஐயோ" என்றாள். "நானும் நம்பிட்டேனே. நீ அனுப்பினதுதான்னு நானும் நம்பிட்டேனே."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான், ஆறு நாள் அடைபட்டுக் கிடந்தது எல்லாம் கொட்டியது. பன்னிரண்டு நாள் முன்பு அம்மாவுக்கு அக்குள் பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினாள். போன புதன்கிழமை இரண்டு பேருமாகப் போய் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

"வந்த உடனேதான் காபி போட்டேன். கை நடுக்கம் நிக்கவே இல்ல. உன் லேப்டாப் மேல கொட்டிட்டேன். எதுக்கு இவ இப்படி நடுங்கறான்னு நீங்க ரெண்டு பேரும் கேட்டுடுவீங்களோன்னு அத்தை உடனே என்னைத் திட்ட ஆரம்பிச்சாங்க. நானும் வாங்கிக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் அம்மாகிட்ட பேசறதே இல்ல?"

"அத்தைகிட்ட மட்டுமா? யாருகிட்டயும்தான் பேசல. வாயைத் திறந்தா உளறிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? உனக்கு வெள்ளிக்கிழமை வேலை விஷயம் முடியற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கிட்டாங்க."

அண்ணியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை. மணி மூன்று ஐந்து. பட்டறைக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு அரை மணி.

கடிகாரத்தைக் கூப்பிட்டாள். "சார், நான் நாலு மணி மீட்டிங்குக்கு இருக்க மாட்டேன்."

"என்ன சொல்ற? உன் தப்புக்குத்தான் மீட்டிங்கே."

"தெரியும் சார். எங்க அம்மாவை உடனே ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"எத்தனை நிமிஷம் ஆகும்?"

"தெரியாது சார்."

ஐந்து மாதத்தில் யாரும் அவரிடம் சொல்லாத பதில் அது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ வரலைன்னா உனக்காக நான் பேச முடியாது. புரியுதா?"

"புரியுது சார்" என்று வைத்துவிட்டாள்.

"நீ ஓடு" என்றாள் அண்ணி. "நான் இது முன்னாடி உக்காந்துக்கறேன். யாராவது வந்து கேட்டா அவசரமாப் போயிருக்கான்னு சொல்றேன். இன்னிக்கு ஷிஃப்ட் வேண்டாம்னு சொல்லிடறேன்."

காபிக்காரியை நம்பி நிஜ ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்துவிட்டுப் போவதா? வேறொரு நாளாக இருந்தால் சின்னவள் சிரித்திருப்பாள். "எதையும் தொடாதீங்க அண்ணி. எதையுமே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மூடியை மூடிவிட்டுப் போக வேண்டும் என்பதுகூட அவள் புத்திக்கு எட்டவில்லை.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. நிற்க வேண்டியது அதன் வேலைதான். ஆனாலும் அந்த டிரைவரை அவள் மனதுக்குள் பேசாத பேச்செல்லாம் பேசினாள்.

பட்டறைக்குள் நுழையும்போது மணி மூன்று நாற்பது. நீலத் துணி மலைபோல் குவிந்திருந்தது. காஜா எடுக்கிற அக்கா முதலில் பார்த்தாள்.

"வாம்மா வா! ஆம்பளைக்குப் பிரசவம் பார்க்கிற டாக்டர் நீதானா?"

பத்து இயந்திரங்கள் ஒரே சமயத்தில் நின்று சிரித்தன. ஓரத்து மேஜையில் ஒரு பெரிய கேக் இருந்தது. பாதி வெட்டிச் சாப்பிட்டிருந்தார்கள். "உங்க அம்மா வாங்கிட்டு வந்தது. என்ன விசேஷம்னு கேட்டா சொல்லவே மாட்டேங்கறா. சும்மா சந்தோஷமா இருக்கேன், சாப்பிடுங்கன்னு சொல்றா."

அம்மா வெட்டு மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். காலையில் பார்த்த அதே மலர்ச்சி. பத்து வயது குறைந்தவளாகத் தெரிந்தாள். "என்னடி இந்த நேரத்துல? வேலைய விட்டுத் துரத்திட்டாங்களா?"

சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்து மாடிப்படி அருகே அழைத்துப் போனாள்.

"அம்மா, காலைல வந்த மெசேஜ..."

"அழிச்சிட்டேனே. நீதானே அழிக்கச் சொன்ன?"

"அது நான் அனுப்பினது இல்லம்மா."

அம்மாவின் சிரிப்பு உடனே போகவில்லை. விளையாட்டின் அடுத்த பாதி என்று நினைத்துவிட்டாள். "போடி. காலைல ஒருத்தனுக்குப் பிரசவம். இப்போ என்ன?"

"உன் பழைய நம்பர்தாம்மா என்கிட்ட இருந்துச்சு. நான் அனுப்பினது அந்த நம்பருக்குத்தான் போச்சு. பல்லு சுத்தம் பண்ண வரச் சொல்லி."

அம்மாவின் சிரிப்பு இப்போது போய்விட்டது. பிறகு, "அதுல பல்லுன்னு ஒண்ணும் இல்லையே" என்றாள் தாழ்ந்த குரலில்.

"இல்லம்மா."

"ஆஸ்பத்திரியே அனுப்பினதா?"

"ஆமா. நான் பார்க்காம சொல்லிட்டேன். தப்பா சொல்லிட்டேம்மா. உனக்கு வந்தது என்னன்னு காட்டச் சொல்லிக்கூடப் பார்க்கல."

உள்ளே இயந்திரங்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அம்மா கையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை அப்போதுதான் பார்த்தவள்போல் பார்த்தாள். உள்ளே போய் அதை அதன் உறையில் போட்டாள். பாதி வெட்டிய துணியை மடித்து, அடையாளத்துக்குச் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். பிறகுதான் பையை எடுத்தாள்.

"அவ சொல்லிட்டாளா?" என்று படியிறங்கும்போது கேட்டாள்.

"இன்னிக்குத்தான் சொன்னாங்க. நான் கேட்டதுக்கு அப்புறம்தான்."

"அவ வாயில எதுவும் நிக்காதுன்னு நினைச்சேன்."

"ஆறு நாள் நின்னுச்சேம்மா."

"பாவம்" என்றாள் அம்மா. "எல்லாரும் பார்க்க அன்னிக்கு ரொம்பத் திட்டிட்டேன்."

பஸ்ஸில் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். நாலு மணி அடித்ததும் சின்னவளின் போன் அதிர ஆரம்பித்தது. அண்ணி. நின்றது. மறுபடி அண்ணி. மூன்றாவது தடவையும் அண்ணியேதான். என்ன கவிழ்ந்ததோ, எந்தப் பித்தானைத் தொட்டாளோ! எடுத்தால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆபீஸ் கதை பேச வேண்டியிருக்கும். போனைப் பைக்குள் ஆழமாகப் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் நீண்ட நடை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாலு முப்பத்தைந்து. வரவேற்பில் இருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, "காலைலயே செய்தி போயிருக்கே, ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வேலை இருந்துச்சும்மா" என்றாள் அம்மா.

உட்கார்ந்தார்கள். எதிர்க் கதவுக்குப் பின்னால் டாக்டர் யாரிடமோ பேசும் குரல், வார்த்தை புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்த மெசேஜெல்லாம் யாரு எழுதறது? நீங்கதானா?" என்று அம்மா கேட்டாள்.

"வாசகம் நாங்கதாம்மா."

"அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்கும். முடிவு நல்லபடியா இருந்தாலும் இப்படித்தான் நேர்ல வரச் சொல்வாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் கதவு திறக்கும் வரைக்குமாவது அம்மா நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். காலையில் சொன்னது தெரியாமல் சொன்னது. இப்போது சொன்னால் தெரிந்தே சொன்னதாகும்.

"இல்லம்மா" என்றாள். "நல்லபடியா இருந்தா வேற மெசேஜ். வர வேண்டாம்னு வரும்."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். மகள் சத்தமில்லாமல் அழுவதைப் பார்த்துவிட்டு, முழங்கையால் லேசாக இடித்தாள்.

"இதுக்கு ஏன் அழற? பன்னண்டு நாளா ராத்திரி பகலா அதே நினைப்பு. கையைத் தூக்கினா அது, படுத்தா அது. இன்னிக்குக் காலைல நீ சொன்னதுலருந்து ஏழு மணி நேரம் எனக்கு ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. நூத்தம்பது சட்டை வெட்டினேன் தெரியுமா? கேக் வாங்கினேன். நல்லா இருந்துச்சுடி."

சின்னவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. நர்ஸ் அம்மாவின் எண்ணைக் கூப்பிட்டாள்.

அம்மா எழுந்தாள். சேர்ந்தாற்போல் இரண்டு அடி வைத்தவள் நின்று, மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அம்மாவின் கை ஜில்லென்று இருந்தது.

"உள்ள போனா எனக்கு எதுவும் காதுல விழாது. அவர் சொல்றத எல்லாம் நீ கேட்டுக்கோ" என்றாள். "வெளியில வந்து எனக்குச் சொல்லு. இந்தத் தடவை சரியா சொல்லு."